கையில் கட்டிய மட்டை

ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபிப் பெண் கொடுத்த ரப்பர் பந்தை ஒரே வாரத்தில் ஜன்னல் வழியாக விட்டெறிந்தேன். இடது கையால்தான். வலது கையால் எறிய முடிந்திருந்தால் அந்தப் பந்துக்கே வேலை இருந்திருக்காது. "அமுக்குங்க சார், விடுங்க சார், அமுக்குங்க சார்" என்று பால்வாடி டீச்சர் மாதிரி அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருப்பாள். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. அந்தப் பந்தைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு வந்ததை டாக்டர் ஸ்ட்ரோக் என்றார். கல்மண்டபத்தில் எங்கள் தெருவில் கை இழுத்துக்கிச்சி என்றார்கள். எப்படிச் சொன்னாலும் கை ஒன்றுதான். வாய் கோணியது கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. சரியானதும் முதலில் வந்த வார்த்தை கெட்ட வார்த்தை என்று என் மனைவி பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வலது காலும் கொஞ்சம் இழுத்தபடி நடக்க வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. விரல்களுக்குள் எதையாவது திணித்தால் பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டு திரும்பாது. தோளைத் தூக்கினால் கை நெஞ்சு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும், பழைய லிஃப்ட் மாதிரி.

நான் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டியவன். கீழே நிற்பவன் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கேபின். காலுக்கு அடியில் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே இரும்புச் சட்டத்தைப் பெட்டியின்மேல் இறக்க வேண்டும். சட்டத்தின் நாலு மூலையும் பெட்டியின் நாலு மூலையில் சரியாக உட்கார்ந்தால்தான் பூட்டு விழும். ஏற்றுவது இறக்குவது எல்லாம் வலது கை. புதிதாய் வருகிறவன் தட்டித் தடவி, இடித்து, கீழே லாரிக்காரனிடம் திட்டு வாங்கி உட்கார வைப்பான். நான் இறக்கினால் பூனை குந்துவது போலக் குந்தும். கர்வம் என்றால் கர்வம்தான். படிப்பா, சொத்தா, வேறு எதை வைத்து நான் கர்வப்பட?

யார்டில் நல்லபடியாகத்தான் சொன்னார்கள். கை வந்ததும் வரட்டும், மேலே ஏறி ஒரு பெட்டியைத் தூக்கி இறக்கிக் காட்டட்டும், கேபின் அவருக்குத்தான் என்றார்கள். அதுவரை கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரிகளில் வரும் பெட்டிகளின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். மேலே உட்கார்ந்து பார்த்த லாரிகளைக் கீழே உட்கார்ந்து பார்க்க என்னால் ஆகாது. என் மனைவி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். விடியும் முன்னால் போட் வந்து வலையைக் கொட்டினால், குவியலைச் சுற்றி உட்கார்ந்து சங்கரா ஒரு கூடை, காரப்பொடி ஒரு கூடை, கடம்பா ஒரு கூடை என்று பிரித்துப் போடுகிற பெண்களில் ஒருத்தி. அந்த வேலையை முடித்துவிட்டு வந்து எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். நான் அதற்கும் எரிந்து விழுவேன்.

ஆட்டத்துக்கு எப்படிப் போனோம் என்று சொல்கிறேன். வாலிபத்தில் நான் பால் பேட்மிண்டன் ஆடியவன். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். ராயபுரத்தில் தெருவுக்குத் தெரு டீம் இருந்த காலத்தில் வலப்பக்கம் முன்னால் நிற்கிறவன் நான்தான். அந்தக் காலத்தில் என் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். வியாபாரம் படுத்ததும் தன் குடோன் ஒன்றில் தரையை இழைத்து, பச்சைப் பெயின்ட் அடித்து, பிக்கிள்பால் என்று புதிதாய் வந்திருக்கிற மட்டைப்பந்து ஆட்டத்துக்குக் கோர்ட் போட்டுவிட்டார். சாயங்காலம் ஆனால் கார் காராகப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர் நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காலைல குடோன் சொம்மாதான் கீது தலைவா. வந்து ரெண்டு தட்டு தட்டு. சின்ன கோர்ட்டு, ஓட வேணாம், ஒண்ணும் வேணாம். கெழவன் கெழவிங்கள்லாம் ஆடுதுங்க."

"அப்ப எனக்குச் சரியாத்தான் இருக்கும்" என்றேன். குத்தலாகச் சொன்னேன். என் மனைவி குத்தலை விட்டுவிட்டுச் சரியாத்தான் இருக்கும் என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே இரண்டு ஷேர் ஆட்டோ மாறி அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மீன் வாசனை போகக் கையை எலுமிச்சம்பழத்தோல் வைத்துத் தேய்த்துக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். அதுவரை வாழ்க்கையில் அவள் கையில் மட்டை பிடித்ததில்லை. துணி துவைக்கிற கட்டையைப் பிடிப்பது போலப் பிடித்தாள். என் விரல்களுக்குள் மட்டையைத் திணித்தோம், நின்றது. ஆனால் பந்து பட்டதும் மட்டை பொத்தென்று கீழே விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்ததும் அவள் வெளியே போய், சைக்கிள் கடையிலிருந்து கிழிந்த ட்யூப் ஒன்றை வாங்கி வந்து, நீளவாக்கில் வெட்டி, கையையும் மட்டையையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"இப்ப எங்க வுயுதுன்னு பாக்கறேன்" என்றாள்.

அந்த ஆட்டத்தின் சட்டம் ஒன்று என் உயிரை வாங்கியது. பால் பேட்மிண்டனில் பந்து தரையைத் தொட்டால் பாயின்ட் போச்சு. பந்தைத் தரைக்கு விடாதே, விடாதே என்று இருபது வருஷம் என் உடம்பு படித்த ஒரே பாடம் அது. இந்த ஆட்டத்தில் சர்வீஸ் போட்ட பந்து தரையில் ஒரு குத்து குத்திவிட்டு வந்த பிறகுதான் அடிக்கலாமாம். வலைக்குப் பக்கத்தில் கோடு போட்ட ஒரு கட்டம், கிச்சன் என்கிறார்கள், அதற்குள் நின்று அந்தரத்தில் அடிக்கவே கூடாதாம். என்ன ஆட்டமோ. பந்து வலையைத் தாண்டியதுமே என் இடது கால் தானாக முன்னால் போகும், தோள் மேலே எழும்பும், கை எழும்பாது, நான் மட்டும் கிச்சனுக்குள் போய் நிற்பேன். பந்து என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

"சமையல்கட்டுல உனுக்கு இன்னாயா வேல? அங்க நானே போறதுக்கு அலுத்துகினு கீறேன்" என்பாள்.

"பந்த கீய வுடக் கூடாதுடி."

"இங்க வுடணும். வுட்டாத்தான் ஆட்டம். அவரு சொல்லிக் குட்த்தாரு இல்ல? குத்திகினு வர்ற பந்த அடி."

அவள் சொல்வது நியாயம். நியாயத்தைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. முதல் மாதம் முழுக்க நாய் படாத பாடு. நான் கத்துவேன், அவள் பந்து பொறுக்குவாள். குடோன் மூலையில் இன்னும் கொஞ்சம் பழைய கம்பிக் கட்டு கிடக்கும், பந்து அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். அவள் தரையில் படுத்துக் கையை விட்டு எடுப்பாள். துரு ஒட்டிய கையோடு வந்து மறுபடியும் நிற்பாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று இரும்புக்கடைக்காரர் போகிறபோது வருகிறபோது சொல்லிவிட்டுப் போவார். அம்மிக்கு ஸ்ட்ரோக் வரவில்லை, அது நகரும் என்று நான் முணுமுணுப்பேன்.

கடைசியில் ஒரே ஒரு பயிற்சிதான் எங்களுக்குத் தோதாக வந்தது. நான் கிச்சன் கோட்டுக்குப் பின்னால் கால் அகட்டி நிற்க வேண்டும். கட்டிய மட்டையை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் அந்தப் பக்கத்துக் கோட்டில் நிற்பாள். பந்தை மெதுவாக வலைக்கு மேல் தள்ளிவிடுவாள், அது என் முன்னால் ஒரு குத்து குத்தி எழும்பும். நான் அதை அதே மாதிரி மெதுவாகத் திருப்பித் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலுக்கு டிங்க் என்று பெயராம். வேறு ஒன்றும் கிடையாது. பந்து போக, பந்து வர. பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். எங்களுக்கு அதுதான் விரதம், அதுதான் பூஜை. மழை பெய்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தண்ணீர் நின்ற நாட்களைத் தவிர ஒரு நாள் விடவில்லை.

வந்தது. ஆமாம், வந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு நாள் ஒரு பந்து மட்டையில் பட்டு டொக் என்ற சத்தத்தோடு வலையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு அவள் எண்ண ஆரம்பித்தாள். துறைமுகத்தில் கூடை எண்ணுகிற பழக்கத்தில் ஒன்று என்று சொல்ல மாட்டாள், லாபம் என்று ஆரம்பித்து, ரெண்டு, மூணு என்று போவாள். கொஞ்ச நாளில் பத்தைத் தாண்டியது. பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது எண்ணிக்கை அவளுக்கே விட்டுப்போகும், அவ்வளவு நேரம் பந்து நிற்காமல் போய் வந்தது. டொக், டொக், டொக். என் வலது கையிலிருந்து சத்தம் வருகிறது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

வீட்டில் நான் மாறிப்போனேன். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால் உப்பைக் கேட்டேன், தட்டைத் தள்ளவில்லை. ஒரு நாள் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேபினைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உச்சியில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணலிப் புகைபோக்கிகள், நடுவில் பெட்டி பெட்டியாய் உலகம் என்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் நீ சொன்னதே இல்லையே என்றாள். சொல்லத் தேவை இருக்கவில்லை. அப்போது அங்கேதான் இருந்தேன்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. சாயங்காலப் பிள்ளைகளில் சிலர் காலையிலும் ஆட வர ஆரம்பித்திருந்தார்கள், ஒரு நாள் அவர்களில் ஒருவன் வரவில்லை. ஒரு ஆள் குறைகிறது, ஆன்ட்டி ஒரு கேம் ஆடுறீங்களா என்று என் மனைவியைக் கேட்டார்கள். விளையாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவளும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே போனாள். ஆட்டம் முடிந்தபோது அந்தப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவள் ஓங்கி அடிக்கவே இல்லை. எவன் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறானோ அந்தக் காலுக்குப் பக்கத்தில் பந்தை வைத்தாள். வைத்தாள் என்பதுதான் சரியான சொல். அவர்கள் குனிந்து குனிந்து தோற்றார்கள்.

"எங்க ஆன்ட்டி கத்துக்கிட்டீங்க? கோச்சிங்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இங்கதாம்மா. எங்க வூட்டுக்காரருக்குப் போட்டுப் போட்டு வந்துட்ச்சி."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. சொன்னால் என்ன, பொறாமைதான். ஆடியவன் நான், அவள் பந்து பொறுக்க வந்தவள். ஷேர் ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். "இன்னாயா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு வர?" என்றாள். புழுக்கம் என்றேன். அவள் மறுபடி அந்தப் பிள்ளைகளோடு ஆடவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் எங்க வூட்டுக்காரருக்குப் பிராக்டீஸ் கீது என்று சொல்லிவிட்டாள்.

கத்திரி வெயில் தொடங்குமுன் யார்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். நேராகப் போக ஒரு கூச்சம். அதே கிரேனில் எனக்கு மாற்று ஷிஃப்ட்டில் ஓட்டுகிற என் தோஸ்து ஒருவன் இருக்கிறான். போனில் அவனைப் பிடித்தேன். கை வந்துவிட்டது, நீ வந்து உன் கண்ணால் பார், பார்த்துவிட்டு மேனேஜரிடம் நீயே சொல் என்றேன். அவன் ஆஃப் நாளில் காலையில் சாத்தாங்காட்டுக்கே பைக்கில் வந்து இறங்கினான். குடோனைச் சுற்றிப் பார்த்தான். "இன்னா மாமு, சோக்கா செட்டில் ஆய்ட்ட போல கீதே" என்று தோளில் தட்டினான். இடது தோளில்.

எனக்குத் தெம்பு தாங்கவில்லை. நீயே போடு என்று சொல்லி, என் மனைவியின் மட்டையை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். என் மனைவி வலை ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவனுக்கு ஆட்டம் தெரியாதுதான். ஆனால் பந்தைத் தூக்கி வலைக்கு இந்தப் பக்கம் தள்ள யாருக்குத் தெரியாது? தள்ளினான். என் முன்னால் ஒரு குத்து குத்தி, மட்டைக்கு ஒரு சாண் இடப்பக்கமாக எழும்பிப் போய்விட்டது. முதல் பந்து, சரி. அடுத்தது அதே போல வலப்பக்கம் போனது. அடுத்தது என் நெஞ்சில் பட்டு விழுந்தது. மட்டையை நகர்த்து, நகர்த்து என்று மண்டைக்குள் கத்துகிறேன். மட்டை வயிற்றுக்கு நேராகக் கட்டிப் போட்ட ஆடு மாதிரி நிற்கிறது. ஒரு பந்தையும் தொட முடியவில்லை. ஒன்றைக்கூட.

"நீ ஒயுங்கா போடு. கண்டபடி போட்டா அவரு எப்டி எடுப்பாரு?" என்று என் மனைவி அவனைத்தான் கோபித்துக்கொண்டாள். அவன் கையிலிருந்த மட்டையை வாங்கிக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். பந்தைப் போட்டாள். டொக். திரும்பிப் போனது. மறுபடி டொக். நிற்காமல் போனது, வந்தது. "பாத்தியா, பாத்தியா" என்று ஆடிக்கொண்டே அவனிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே வந்தவன் முகத்தில் சிரிப்பு இல்லை. டீ சொல்லியிருந்தோம், குடிக்கவில்லை.

"நல்லா கீது மாமு" என்றான். "மெதுவா வா, இன்னா அவசரம். கேபின் எங்க ஓடிடப் போவுது."

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மேனேஜரிடம் சொல்கிறேன் என்று அவன் சொல்லவில்லை என்பது ஆட்டோவில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குப் பொறாமை, கேபினை விட மனசில்லை, அதனால்தான் வேண்டுமென்றே கோணலாகப் போட்டான் என்று வழியெல்லாம் பொரிந்து தள்ளினேன். கூட இருந்தே குழி பறிக்கிறான் பார் என்றேன். அவளும் ஆமாம் ஆமாம் என்றாள். அவள் அதை நம்பினாள். நானும் நம்பத்தான் பார்த்தேன், முடியவில்லை. நெஞ்சில் வந்து விழுந்த அந்தப் பந்து கோணல் பந்து இல்லை.

மறுநாள் காலை வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவள் வருவதற்குள் நானே காலை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. ஏலம் போடுகிற இடத்தைத் தாண்டி, ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாய் விரித்துக் கொட்டிய குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவளோடு ஏதோ வம்பு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கை குவியலுக்குப் போகும், ஒரு மீனை எடுக்கும், பின்பக்கமாக வீசும். மீன் தன் கூடையில் போய் விழும். அவள் கூடையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷம் அவள் இந்த வேலை செய்கிறாள், ஒரு நாளும் நான் நின்று பார்த்ததில்லை.

அப்போது பாரம் தூக்குகிறவர் ஒருவர் வழியில் இருந்த சங்கராக் கூடையைக் காலால் ஒரு முழம் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். அவள் பேச்சை நிறுத்தவில்லை, தலையைத் திருப்பவில்லை. அடுத்த சங்கரா எங்கே விழப்போகிறது என்று பார்த்தேன். கூடை நகர்ந்துபோன புது இடத்துக்குப் போய், நடுக் கூடையில் விழுந்தது. சத்தத்திலா, ஓரக்கண்ணிலா, எதில் தெரிந்துகொண்டாளோ. அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கூடை எங்கே இருக்கிறதோ அங்கே கை போடும், அவ்வளவுதான்.

ஐஸ் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் துவண்ட என் கை, கட்டிய மட்டையோடு, தினம் தினம் கொஞ்சம் தள்ளித் தள்ளி வேறு வேறு இடத்தில் நிற்கும். எங்கே நிற்கிறதோ அங்கே அவள் பந்தைப் போட்டிருக்கிறாள். பட்டுத் திரும்பி வலையைத் தாண்ட எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு வேகத்தில் போட்டிருக்கிறாள். இத்தனை மாதமாக வளர்ந்தது அவள் கை. நான் பந்தை அடிக்கவே இல்லை. என் தோஸ்து ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்ததை நான் மாதக்கணக்கில் டொக் டொக் என்று கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். அவள் என்னை ஏமாற்றினாள் என்றாவது இருந்தால் நன்றாக இருக்கும், கத்தித் தீர்த்திருப்பேன். அவளுக்கே தெரியாது. அவளும் சேர்ந்துதான் ஏமாந்திருக்கிறாள், என்னைவிட அதிகமாக.

அவள் எழுந்து திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாயா, இவ்ளோ தூரம் தனியா வந்துட்ட?" என்றாள். பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, "பாருக்கா, நடையும் வந்துட்ச்சி" என்றாள். எலுமிச்சம்பழத்தோலால் அவசரமாகக் கையைத் தேய்த்தாள். "வா, அப்டியே ஆட்டோ புடிச்சிப் போய்டலாம். நேத்து அவன் கெடுத்தத இன்னிக்கி சரி பண்ணிடலாம்."

சொல்லிவிடலாம் என்றுதான் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் என் வலது கையைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். எண்ணூர் பக்கம் போகிற லாரிகள் வரிசையில் நின்றன. மேலே பெட்டிகள். என்ன சொல்ல?

குடோனில் வழக்கம் போல ட்யூபை எடுத்துக் கட்டினாள். இழுத்து முடி போட்டாள். எதிர்ப்பக்கம் போய் நின்றாள். முதல் பந்து வந்தது, டொக். நான் உடம்போடு சேர்த்து மட்டையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். அடுத்த பந்து இடப்பக்கம் வந்து, மட்டையில் பட்டு, திரும்பிப் போனது. வலப்பக்கம் திரும்பினேன். வலப்பக்கம் வந்தது. அதற்கும் மேலே சோதிக்க எனக்குப் பயமாக இருந்தது. இருந்தும் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

டொக் என்றது. அசையாமல் நின்றேன். டொக். மறுபடியும் டொக். வலைக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"பாரு, நாந்தான் சொன்னேன் இல்ல, அவந்தான் சரியா போடல" என்றாள். "கை நல்லாத்தான் கீது. வர்ற வாரமே யார்டுக்குப் போய் ஏறிக் காட்டு. நானும் கூட வர்றேன், கீய நின்னு பாக்கறேன்."

"போலாம்" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த பந்தும் வந்து மட்டையில் பட்டது.